போர்வைக்குள் போன பானட்

அத்தியாயம் 11

“இது எங்கப்பா காரோட பானட்டு இல்லை.”

ஈஸ்வர் இப்படிச் சொல்லிவிட்டு நின்ற இடத்தில்தான் போன வாரம் விட்டோம். மனுஷர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார். சூர்யகலா நாற்காலி எடுத்துப் போட்டாள், உட்காரவில்லை. காப்பி கொடுத்தாள், அது ஆடை கட்டிக் கிடக்கிறது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். போடியில் முந்தல் ரோட்டில் சூர்யகலாவின் புருஷன் சின்ராசுவின் ஃபைபர் பட்டறை. ஆரம்பத்தில் எஸ்டேட் ஜீப்புகளுக்குக் கூரையும் வீடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டியும் செய்த இடம். தம்பி அருண்பாண்டி தலையெடுத்ததும் சோலியே மாறிவிட்டது. வெளிநாட்டில் எந்தக் காலத்திலோ செய்த ஸ்போர்ட்ஸ் கார்களைப் பெற்ற பிள்ளை மாதிரி கொஞ்சுகிறவர்கள் கொச்சியிலும் பெங்களூரிலும் இருக்கிறார்களே, அவர்கள் வண்டிக்குக் கார்பன் ஃபைபரில் பானட், டேஷ்போர்டு, கண்ணாடிக் கூடு எல்லாம் இங்கேதான் செய்கிறார்கள். பாய் மாதிரி பின்னிய கறுப்புத் துணியை ரெசினில் ஊறவைத்து அச்சில் படியவைத்து, மெருகு ஏற்றிவிட்டால் அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். இதனால் வண்டி வேகமாக ஓடுமா என்றால் ஓடாது. “பொம்பளைக பட்டுச்சேலை கட்டுறது வெரசா நடக்குறதுக்கா?” என்பான் அருண்.

ஈஸ்வருக்குப் போடிமெட்டுக்கு அங்கிட்டு ஏலத்தோட்டம். காலமான அப்பாவின் சிவப்பு ரெண்டு சீட்டுக் கார் அவர் கைக்கு வந்திருக்கிறது. வருஷக்கணக்காகத் தோட்டத்துக் கொட்டகையில் மூடிக் கிடந்தது. தகரமே கிடையாது, அந்தக் காருக்குப் பிறவியிலேயே ஃபைபர் உடம்பு. அதன் பானட்டைக் கழற்றிக் கொடுத்திருந்தார். அதை வைத்து அச்செடுத்துக் கார்பனில் ஒன்று செய்ய வேண்டும். அசலுக்கு மேலாப்பில் ஒரு கோட் சிவப்பு அடித்துத் திருப்பித் தர வேண்டும். போன வாரம் ரெண்டும் மலையேறின. கார்பனை வண்டியில் மாட்டிக்கொண்டார். சிவப்பைத்தான் இன்றைக்குக் காலையில் திரும்பக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்.

“அடியைப் பாரும்மா.” ஈஸ்வர் பானட்டைக் குப்புறக் கவிழ்த்தார். “பழைய ஃபைபர் பழுத்த இலை கணக்கா இருக்கும். இது நேத்துப் பொறந்தது மாதிரி இருக்கு.”

சூர்யகலா தடவிப் பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். கண்ணாடி நாரில் செய்த மேட்டும் புதுசு, ரெசினும் புதுசு, வாடைகூட இன்னும் போகவில்லை.

அவள் கண் தானாக விட்டத்துக்குப் போனது. இந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்தில் முதல் எடுப்புக் காயில் ஒரு கை அள்ளிச் சாமிக்கு வைப்பதுபோல, ஒரு அச்சிலிருந்து வரும் முதல் பீஸை விற்கமாட்டார்கள். வெறும் ஃபைபரில் பெயின்ட் இல்லாமல் எடுத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, விட்டத்துக் கொக்கியில் தொங்கவிடுவார்கள். அதற்குத் தலைச்சன் என்று பெயர். கொச்சிக்காரர் ஒருவர் தலைச்சனையும் சேர்த்துக் கேட்டபோது, “அது எங்க வீட்டுப் பிள்ளை சார்” என்று சிரித்தே அனுப்பிவைத்தாள் சூர்யகலா.

ஈஸ்வர் வண்டியின் தலைச்சன் தொங்கிய கொக்கி காலியாக இருந்தது.

ஆக, கொக்கியில் கிடந்ததைக் கழுவிச் சிவப்படித்து, அசல் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அப்படியானால் அசல் எங்கே? இந்தத் தொழிலில் இவர்களிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். உலகத்தில் இன்னொன்று கிடைக்காத சாமானைக்கூட நம்பிக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்த நம்பிக்கை போனால் மறுபடி தண்ணீர்த் தொட்டிதான்.

“போலீசுல எழுதிக் குடுத்துருவோமா சார்?” என்றாள்.

“போலீசெல்லாம் எதுக்கு?” ஈஸ்வர் சட்டென்று குறுக்கே விழுந்தார். அப்புறம் குரலை இறக்கிக்கொண்டார். “நமக்குள்ள முடிச்சுக்குவோம்மா. யார்ட்டயும் வித்துட்டீங்கன்னாகூடச் சொல்லுங்க, நானே போயி வாங்கிக்கிறேன். கோவப்பட மாட்டேன். எனக்கு அது வேணும், அம்புட்டுத்தான். சாயங்காலம் வர்றேன்.”

எவ்வளவு தங்கமான மனுஷர் என்று நினைத்தாள் அந்தப் பைத்தியக்காரி. அவர் கிளம்பி, வண்டிச் சத்தம் முந்தல் பக்கம் போய்த் தேய்ந்தது. பட்டறையில் மூன்றே பேர். சூர்யகலா, உப்புத்தாளும் கையுமாகக் குத்தவைத்திருந்த புருஷன் சின்ராசு, கம்ப்ரஸர் பக்கத்தில் கொழுந்தன் அருண்பாண்டி.

“அருணு, போன வியாழக்கெழம ஜீப்புல என்னத்த ஏத்துன?”

அன்றைக்கு மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டு நின்றவள் கண்ணாரப் பார்த்தது அது. சோணையின் ஜீப்பில் அகலமாக ஒரு சாமானை ஏற்றினான். அதன்மேல் அவளுடைய பச்சைக் கட்டம் போட்ட போர்வை. என்ன லோடு என்று மேலேயிருந்து கேட்டதற்கு, “சும்மா, கழிவு மதினி” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான். கழிவுக்கு எவனாவது போர்வை போர்த்துவானா?

“அதுக்கும் இதுக்கும் என்ன மதினி?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“என்ன கேக்குறீங்கன்னு தெரியுது. வாயத் தொறந்து கேளுங்க. எடுத்தியா, வித்தியான்னு கேளுங்க.”

“சரி, கேக்குறேன். வித்தியா?”

அருணின் முகம் செத்துப்போனது. அவள் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தபோது எட்டாவது படித்துக்கொண்டிருந்தவன். மாமியார் இல்லாத வீடு. அவனுக்குத் தலை சீவிவிட்டதிலிருந்து தாடியை மழிக்கச் சொல்லித் திட்டியதுவரை எல்லாம் இவள்தான். அதனால்தான் இவளுக்கு இந்த வயிற்றெரிச்சல். அசல் போனால் ஈஸ்வர் காலில் விழுந்தாவது சமாளித்துக்கொள்ளலாம். வளர்த்த பிள்ளை திருடன் என்றால் யார் காலில் போய் விழுவது?

“மடியில கனமிருந்தாத்தான் மதினி வழியில பயம். எனக்கு ஒண்ணுமில்ல.”

“அப்பறம் சொல்றதுக்கென்ன?”

“நான் சொன்னாத்தான் நம்புவீங்கன்னா, சொல்ல மாட்டேன்.” அவன் அண்ணன் பக்கம் திரும்பினான். “அண்ணே, நீ சொல்லு. நானா எடுத்தேன்?”

சின்ராசு தலையைத் தூக்கவில்லை. தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. ஊமைக்கோட்டான் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

“சரிண்ணே,” என்றான் அருண். “ரொம்பச் சந்தோசம்.”

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்துச் சூர்யகலா போன் போட்டுப் பார்த்தாள், அமர்த்தி வைத்திருந்தான்.

*

நெருப்பில்லாமல் புகையாது என்று அவள் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. சந்தேகம் வந்துவிட்டால் பழைய கணக்கெல்லாம் எழுந்து உட்காரும். கொஞ்ச நாளாக அருண் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தாமதமாக வந்தது. மேட்டு ரோல் ஒன்று நினைத்ததைவிடச் சீக்கிரமாகத் தீர்ந்தது. யாரோ கூப்பிட்டால் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே.

மதியம் புருஷனுக்குச் சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டு ஜீப் ஸ்டாண்டுக்குப் போனாள். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போய் இறக்கிவிட்டு வந்த ஜீப்புகள் வரிசையாக நின்றன. சோணை தன்னுடைய வண்டியில் காலை நீட்டிப் படுத்திருந்தான்.

“அண்ணே, போன வாரம் அருணு ஏத்துன லோடு எங்க போச்சு?”

“வாத்தா. எது, அந்தப் போர்வை போத்துனதா? தேவாரத்துக்கு. அன்னக்கொடின்னு ஒரு பொம்பள, மலையடிவாரத்துல மக்காச்சோளம் போட்டிருக்கு. அங்க எறக்கிட்டு வந்தோம்.”

“உள்ள என்னன்னு பாத்தீகளா?”

“கேட்டேன். பாத்தாப் பயந்துருவண்ணே, ரோட்டப் பாத்து ஓட்டுன்னான்.” சோணை சிரித்தான். சூர்யகலா சிரிக்காததைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தான். “என்ன தாயி, எதும் வில்லங்கமா?”

“ஒண்ணுமில்லண்ணே.”

தேவாரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் கட்டின கோட்டையைச் சொன்னால் சிரிப்பீர்கள். மக்காச்சோளக் காட்டுக்காரிக்கும் ஸ்போர்ட்ஸ் கார் பானட்டுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கும், காட்டுக்குள் ஒளித்து வைத்துவிட்டு, கொச்சியிலிருந்து ஆள் வந்ததும் கைமாற்றுவதாக இருக்கும். அந்தப் பொம்பளைக்கு ஒரு மகள் இருப்பாள். அருண் அவளிடம் மயங்கிக் கிடப்பான். ராசிங்காபுரம் தாண்டுவதற்குள் அந்த மகளுக்குப் பெயர் வைத்து, நிச்சயதார்த்தம்வரை போய்விட்டாள் சூர்யகலா.

அன்னக்கொடிக்கு மகளும் இல்லை, மருமகளும் இல்லை. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒடிந்து கிடந்த சோளத்தட்டைகளை வாரிக்கொண்டிருந்தாள். காட்டில் பாதி படுத்துக்கிடந்தது.

“யாரு, போடிப் பட்டறைக்காரப் பிள்ளையோட மதினியா நீயி? வா ஆத்தா. உன் கொழுந்தன் செஞ்ச கூத்தை வந்து பாரு.”

வரப்போரம் அழைத்துப்போய்க் காட்டினாள். சூர்யகலா நின்றுவிட்டாள்.

புலி. ஃபைபரில் செய்த முழுப் புலி. மஞ்சளும் கறுப்பும் அடித்து, வாயைப் பிளந்து, கண்ணுக்கு ஜீப்பின் பின்பக்கச் சிவப்புப் பிரதிபலிப்பான் ரெண்டைப் பதித்திருந்தான். கோடுகளிலெல்லாம் பெயின்ட் ஒழுகி வழிந்து, புலி அழுததுபோல் இருந்தது. இடுப்பு நசுங்கிக் கிடந்தது. பக்கத்து வேலியில் அந்தப் பச்சைக் கட்டப் போர்வை காய்ந்துகொண்டிருந்தது.

“ஆனை எறங்கி எறங்கி வந்து அழிக்குது ஆத்தா. வெடி போட்டும் பாத்தாச்சு. ஜீப்புக்கார ஆளு மூலமா உன் கொழுந்தன் காதுக்குப் போயிருக்கு. வந்து பாத்துட்டு, புலி ஒண்ணு வச்சா ஆனை அண்டாதுக்கான்னு அதுவாச் சொல்லுச்சு. மிஞ்சுன சாமான்லதான் செய்யிறேன், எங்கண்ணனுக்குத் தெரிஞ்சா மேட்ட வீணாக்குறியான்னு வையும், யார்ட்டயும் சொல்லிறாதன்னுச்சு.”

“ஆனை பயந்துச்சா?”

“எங்கிட்டு? முந்தாநேத்து வந்துச்சு. மோந்து பாத்துச்சு. சரிதான் போடான்னு ஒரு மிதி மிதிச்சுட்டு, நின்னு நெதானமாத் தின்னுட்டுப் போயிருச்சு.” அன்னக்கொடி சொல்லிவிட்டுச் சிரித்தாள். பாதிக் காடு போன பொம்பளை சிரிக்கிறாள். “ஆனாலும் நல்ல பிள்ளை ஆத்தா. கைநீட்டி ஒண்ணும் வாங்கல. போனைப் போட்டு, மிதிச்சிருச்சுப்பான்னு சொன்னதுக்கு, அடுத்ததப் பெருசாச் செய்வோம்க்கான்னுச்சு.”

சூர்யகலாவுக்கு அழுகை வந்துவிட்டது. வரப்பில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். என்ன ஏதென்று புரியாமல் அன்னக்கொடி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். “மிதிச்சா மிதிச்சுட்டுப் போகுது ஆத்தா, இதுக்குப் போயி அழுவாகளா?” என்றாள்.

*

திரும்பும் பஸ்ஸில் அருணுக்கு மறுபடி மறுபடி போன் போட்டாள். எடுக்கவில்லை. சோறு தின்றானோ இல்லையோ. எங்கே போய் நிற்கிறானோ. இந்த வாயை வைத்துக்கொண்டு என்ன பேச்சுப் பேசிவிட்டோம் என்று தன்னையே வைதுகொண்டாள்.

பானட்டை அருண் எடுக்கவில்லை. சரி, அசல் எங்கே?

சிலமரத்துப்பட்டியில் பஸ் நின்றபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. புலியின் மேல் வழிந்திருந்த பெயின்ட். அருணுக்கு அச்சு வரும், துணி பதிக்க வரும், கார்பன் வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் பெயின்ட் அடிக்கிற கன்னை அவன் கையில் கொடுத்தால் போச்சு. எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தும் ஒழுக விட்டுவிடுவான். காலையில் ஈஸ்வர் கொண்டுவந்து போட்ட சிவப்பு பானட்டில் ஒரு சொட்டு வழியவில்லை. கண்ணாடி மாதிரி இருந்தது.

அந்த வீட்டில் அப்படி அடிக்கத் தெரிந்த கை ஒன்றுதான்.

அதுவும் எப்படிப்பட்ட கை! பழைய பெயின்ட்டின்மேல் அடிக்க மனசு வராமல், ஒட்டச் சுரண்டி உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகுதான் கன்னைத் தொடுவான் சின்ராசு. பழைய ஃபைபருக்கும் நேற்று எடுத்த தலைச்சனுக்கும் வித்தியாசம் தெரியாமல் அவன் அடித்திருப்பானா? குங்குமத்தைக் கழுவும்போதுமா தெரியவில்லை? தெரிந்தேதான் அடித்திருக்கிறான். தெரிந்தேதான் அசல் என்று கட்டி அனுப்பியிருக்கிறான். காலையில் தம்பி கெஞ்சி நின்றபோது தலையைத் தூக்காமல் இருந்ததும் அதனால்தான்.

பன்னிரண்டு பதின்மூன்று வருஷமாகப் பக்கத்தில் படுக்கிற மனுஷன்.

*

பட்டறையில் விளக்குப் போடவில்லை. மலைப்பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. போட்டு வைத்த சோறு அப்படியே இருந்தது. சின்ராசு வாசலில் உட்கார்ந்திருந்தான்.

“ஈஸ்வர் சார் வந்தாரா?”

“இன்னும் இல்ல.”

“தேவாரம் போயிட்டு வர்றேன். போர்வைக்குள்ள இருந்தது புலி.”

என்ன புலி, எந்தப் புலி என்று கேட்கத்தானே தோன்றும் யாருக்கும்? அவன் கேட்டது வேறு.

“அருணு போனை எடுத்தானா?”

“எடுக்கல. எப்பிடி எடுப்பான்? ஏங்க, அந்தத் தலைச்சனுக்குச் செவப்படிச்சது யாரு?”

சின்ராசு மலைப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

“உங்களத்தான் கேக்குறேன். அசலு எங்க? யார்ட்டக் குடுத்தீக? தம்பியத் திருடங்குறேன், கல்லு மாதிரி உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தீகளே, நீங்கல்லாம் மனுசந்தானா?”

அவன் எழுந்தான். “ஒரு கை குடு,” என்றான்.

பின்பக்கம், யாரும் வாங்காமல் கிடந்த பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்று குப்புறக் கவிழ்ந்து கிடந்தது. ரெண்டு பேருமாக அதைச் சாய்த்தார்கள். அடியில் சாக்குப் போட்டு மூடி, அது இருந்தது. பழுத்த இலை நிறத்தில், பெயின்ட்டெல்லாம் சுரண்டிய அசல் பானட். இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை.

“இது எப்பிடி ஒடைஞ்சுச்சு?”

“நான் ஒடைக்கல. பழைய ஒடசலு. யாரோ அவசர அவசரமாப் பட்டி போட்டு அடச்சு, மேல பெயின்ட்ட அடிச்சு மறச்சிருக்காக. சொரண்டும்போது பட்டி கையோட வந்துருச்சு.” அவன் குரல் வேறு எங்கிருந்தோ வருவதுபோல் இருந்தது. “எங்கப்பா எப்பிடிச் செத்தாருன்னு உனக்குத் தெரியும்ல?”

“லாரி அடிச்சுன்னு சொன்னீக.”

“ஊரு சொன்னத உனக்குச் சொன்னேன்.”

மாமனார் ராக்கையாவை அவள் பார்த்ததில்லை. சுவரில் மாலை போட்ட படம்தான். அவள் வாக்கப்பட்டு வருவதற்கு முன்னால், விடிகாலை மழையில், மெட்டு ரோட்டு வளைவில் மொபெட்டோடு கிடந்தார் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அடித்த வண்டி நிற்கவில்லை. லாரியாக இருக்கும் என்றார்கள். அதோடு எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

“மொத ஆளாப் போனது நான்தான் கலா. அவரு தலைமாட்டுல புல்லுக்குள்ள ஒரு துண்டு கெடந்துச்சு. செவப்பா. அவரு மொபெட்டு பச்சை. லாரில ஏது ஃபைபரு? யார்ட்டச் சொன்னாலும் கேக்கல. அதத் தூக்கிக்கிட்டு மதுரைல தொட்டி செய்யிற ஒருத்தர்ட்டப் போனேன். இது நம்மூரு வண்டிச் சாமான் இல்லப்பா, வெளிநாட்டுதுன்னாரு. எந்த வண்டின்னு தெரியிற வரைக்கும் இருக்கேண்ணேன்னு அங்கயே சோலிக்குச் சேந்தேன். அப்பிடித்தான் நான் ஃபைபருக்கு வந்தது. ஆசைப்பட்டு வரல.”

சட்டைப் பையிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தான். சிவப்பு மங்கிப்போன துண்டு. விளிம்பில் நார் நாராகப் பிரிந்திருந்தது. குனிந்து அதைப் பானட்டின் மூலையில் வைத்தான். விரலை எடுத்தான்.

துண்டு அப்படியே உட்கார்ந்தது. எங்கேயும் இடைவெளி இல்லை.

சூர்யகலா அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவன் அழுதான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

“இத எப்பிடி நான் திருப்பிக் குடுப்பேன் சொல்லு. குடுத்தா அன்னைக்கே கொளுத்திருவாக.”

“காலையில அருணுகிட்டயாவது சொல்லிருக்கலாம்ல?”

“அவன் கோவக்காரன். சொன்ன நிமிசம் அருவாளத் தூக்கிக்கிட்டு மலையேறிருவான். அப்பனையும் குடுத்துட்டுத் தம்பியையும் ஜெயிலுக்குக் குடுக்கவா? ஓட்டுனது யாருன்னுகூட இன்னும் தெரியல. அவுங்கப்பனா, இவரா, வேற ஆளா?”

“அதுக்காக அவனைத் திருடனாக்கிட்டோமே.”

“நீ ஆக்குன. நான் வேடிக்கை பாத்தேன். உன் பாவத்தவிட என் பாவந்தான் பெருசு.”

அப்போதுதான் போன் அடித்தது. அருண். அமுக்கிக் காதில் வைத்தாள். மறுமுனையில் காற்று இரைந்தது.

“மதினி, கோவத்துல போனை அமத்திட்டேன். சாப்ட்டீகளா?”

“எங்கடா இருக்க?”

“போடிமெட்டுல. காலையில நேரா ஈஸ்வர் சார் தோட்டத்துக்குத்தான் வந்தேன். எம்மேலதான சார் சந்தேகம், இந்தா ஒங்க முன்னாலயே நிக்கிறேன், என்னன்னாலும் கேளுங்கன்னேன். நல்ல மனுசன் மதினி. ஒக்கார வச்சுச் சோறு போட்டாரு. ஒரே கேள்வியத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாரு.”

“என்ன கேள்வி?”

“பழைய பெயின்ட்டச் சொரண்டுனது யாருன்னு. எங்கண்ணந்தான் சார், மேலாப்புல அடிக்க அதுக்குக் கை வராது, ஒட்டச் சொரண்டிருச்சுன்னேன். அதக் கேட்டதும் கெளம்புப்பா, நானே உன்னை எறக்கி விடுறேன், உங்கண்ணனப் பாக்கணும்னுட்டாரு. செவப்பு வண்டியிலயே கூட்டிட்டு வர்றாரு மதினி. கார்பன் பானட்டு போட்டு என்னா அழகா இருக்குங்கிறீக. டீ குடிக்க நிப்பாட்டிருக்காரு. அந்தா, காசு குடுத்துட்டு வந்துட்டாரு.”

மன்னிச்சிருடா என்று சொல்லத்தான் பஸ்ஸெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தாள். வாயில் வந்தது வேறு.

“அருணு, அந்த வண்டில ஏறாத. நான் சொல்றதக் கேளு. அவரு கூட வராத. பஸ்சப் பிடிச்சு வா.”

காற்று மட்டும் இரைந்தது.

“ஏன் மதினி?” என்றான் அருண். குரல் உடைந்திருந்தது. “பானட்டத் தூக்குனவன் வண்டியையும் தூக்கிட்டுப் போயிருவான்னா?”

“டேய், அதில்லடா...”

கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. போன் அணைந்துவிட்டது.